பட்டமா, பதவியா, பழக்கமா? – பொது சுகாதார வேலையின் நூறாண்டுக் கதை

போன பொங்கலுக்கு மதுரையில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள் எம்.பி.எச். முடித்தவள். அதாவது பொது சுகாதாரத்தில் முதுகலை. அதற்கு முன்னால் பி.எஸ்சி. நுண்ணுயிரியல். கல்விக் கடன் வாங்கித்தான் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு டெங்கு ஆய்வுத் திட்டத்தில் பதினோரு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. பதினோரு மாதம் முடிந்தது, திட்டத்துக்குப் பணமும் முடிந்தது, வேலையும் முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட கேட்டாலும் நெட்வொர்க் பண்ணு, நெட்வொர்க் பண்ணுன்னே சொல்றாங்க மாமா. லிங்க்ட்இன்ல முந்நூறு பேருக்கு மெசேஜ் போட்டாச்சு. பேசாம சென்னையில மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றாள். அக்கா கரும்பை வெட்டிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீங்க பழைய காகிதத்தையெல்லாம் தோண்டுறவர்தானே. இந்தப் படிப்பைக் கண்டுபிடிச்சவங்க, படிச்சவன் எங்கே வேலைக்குப் போவான்னு யோசிச்சாங்களா இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பி இரண்டு மாதம் படித்த பிறகு தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், யோசித்தார்கள். நாம் இப்போது யோசிப்பதைவிடக் கூடுதலாகவே யோசித்தார்கள்.

முதலில் வந்தது பதவி

நம் ஊரில் இருந்தே தொடங்கலாம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் சுகாதார நிலை பற்றி 1863ல் ஒரு ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. சண்டையில் செத்த சிப்பாய்களைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள்தான் அதிகம் என்று தெரிந்ததும் அரசுக்குப் பதற்றம். 1864ல் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. அதன் வழியாக சானிட்டரி கமிஷனர் என்ற பதவி வந்தது. அந்த வேலைக்கென்று இங்கே படிப்பு எதுவும் கிடையாது. பதவி மட்டும் இருந்தது.

வெறும் பதவியை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்டால், தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைப்பதுதான் அவர் வேலை. நிவாரணப் பணியில் கல்லுடைப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதை எதிர்த்து எழுதியவர் சென்னையின் சானிட்டரி கமிஷனர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உடலுழைப்புக்கு இது போதாது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று கணக்கோடு வாதாடினார். டெம்பிள் பதில் எழுத, கார்னிஷ் மறுபடி எழுத, இது பெரிய சர்ச்சையானது. பிறகு கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர் போய்விட்டது, அது வேறு கதை.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். கார்னிஷ் தனி மனிதராக இருந்து இதை எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அரசாங்கத்தோடு வாதாடும் உரிமை இருந்தது.

நியூயார்க்கில் ஒரு கூட்டம்

இனி அமெரிக்கா போவோம், ஏனென்றால் என் மருமகளின் படிப்புக்கு வேர் அங்கேதான். 1909ல் ராக்ஃபெல்லர் பணத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. வெறுங்காலோடு வயலில் நடக்கிறவர்களின் பாதம் வழியாக ஏறி, ரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்க வைக்கிற புழு. அந்த இயக்கத்தை நடத்திய விக்லிஃப் ரோஸ் மருத்துவர் அல்ல, தத்துவப் பேராசிரியர். ஊர் ஊராகப் போனவர் கண்ணில் பட்டது புழு மட்டுமல்ல. பல இடங்களில் சுகாதார அலுவலர் என்று பெயருக்கு ஒருவர் இருந்தார். சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் உள்ளூர் டாக்டர், பகுதி நேரமாக, சொற்பச் சம்பளத்துக்கு இதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தலில் ஆட்சி மாறினால் அவரும் மாறுவார்.

1914 அக்டோபரில் நியூயார்க்கில் இதைப் பேச ஒரு கூட்டம் கூடியது. ரோஸ் மூன்று வகை ஆட்கள் வேண்டும் என்றார். அதிகாரத்தோடு முடிவெடுக்கும் சுகாதார அலுவலர்கள் ஒரு வகை. புள்ளியியல், நுண்ணுயிரியல், பொறியியல் தெரிந்த வல்லுநர்கள் இன்னொரு வகை. வீடு வீடாகப் போகும் செவிலியர்களும் ஆய்வாளர்களும் மூன்றாவது வகை. இந்த மூன்று வகை வேலைக்கும் தகுந்தபடி பள்ளிகளும் குறுகிய காலப் பயிற்சிகளும் நாடெங்கும் வேண்டும் என்பது அவர் கனவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையின் வில்லியம் வெல்ச் வேறு மாதிரி நினைத்தார். முதலில் உயர்தரமான ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். 1915ல் வந்த வெல்ச்-ரோஸ் அறிக்கை இரண்டையும் ஒட்டவைத்த ஒன்று. முடிவில் வென்றது வெல்ச்சின் வழி. 1916ல் ஹாப்கின்ஸில் பொது சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டு, 1918 அக்டோபரில், இன்ஃப்ளூயன்சா உச்சத்தில் இருந்தபோது, வகுப்புகள் தொடங்கின.

ரோஸ் அந்த விவாதத்தில் தோற்றாரே தவிர, படித்தவனுக்கு நாற்காலி எங்கே என்ற கேள்வியை விடவில்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சர்வதேச சுகாதாரப் பிரிவு அவர் கையில் இருந்தது. அது பல நாடுகளில் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை கொடுத்துப் படிக்க அனுப்பியது. படித்துத் திரும்பினால் அரசுப் பொறுப்பு காத்திருக்கிறது என்ற உறுதியோடுதான் பொதுவாக ஆட்கள் போனார்கள். அதாவது பதவி, பட்டம், பழக்கம் மூன்றும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போடப்பட்டன. பிரேசிலில் இருந்து வந்தவரும் சீனாவில் இருந்து வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு ஊருக்குப் போய் அதிகாரிகள் ஆனார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கு நெட்வொர்க் என்கிறோமே, அதன் முதல் வடிவம் இதுதான்.

சென்னை மாகாணம் செய்தது

1919 சீர்திருத்தங்களில் சுகாதாரம் மாகாண அரசுகளின் பொறுப்பாக மாறியது. 1920களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவத் துறையில் இருந்து தனியாகப் பொது சுகாதார இயக்ககம் உருவானது. அதன் இயக்குநராக இருந்த ஏ. ஜே. எச். ரஸ்ஸல் பின்னாளில் இந்திய அரசின் பொது சுகாதார ஆணையர் ஆனார். ராக்ஃபெல்லர் ஆட்கள் இங்கேயும் வந்தார்கள். ஜே. எஃப். கெண்ட்ரிக் சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு வேலை பார்த்தார். 1932 டிசம்பரில் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிறுவனம் ராக்ஃபெல்லர் பணத்தில் திறக்கப்பட்டது. இனி படிப்புக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

1939ல் வந்தது மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இந்த அளவுக்கு முழுமையாக வந்த முதல் சட்டம் இதுதான். குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், சந்தை, திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதில் விதி உண்டு. அதைவிட, இதையெல்லாம் யார் செய்ய வேண்டும் என்பதும் உண்டு. சுகாதார அலுவலர் என்ற ஆளையும் அவர் அதிகாரத்தையும் சட்டமே எழுதிவைத்தது. 2020ல் கொரோனா வந்தபோது தமிழ்நாடு அரசு கையில் எடுத்த சட்டங்களில் இதுவும் ஒன்று.

நம் துறையின் ஏணி இப்படித்தான் வந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து அரசு வேலைக்கு வந்தவர் பொது சுகாதாரத்தில் டிப்ளமோ படிப்பார். நகராட்சியில் சுகாதார அலுவலர், பிறகு மாவட்டத்தில் துணை இயக்குநர் என்று ஏறுவார். எங்கேயாவது ஓர் ஊரில் வயிற்றுப்போக்கு பரவினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் அடுத்த மாவட்டத்துக்காரரும் அவரோடு படித்தவர், இல்லை அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இந்தப் பழக்கத்துக்காக யாரும் தனியாக மெனக்கெடவில்லை.

நெட்வொர்க்கின் உச்சமும் சறுக்கலும்

யுகோஸ்லாவியாவில் ஆந்திரியா ஸ்டாம்பர் என்று ஒருவர். கிராமம் கிராமமாகச் சுகாதார நிலையம் கட்டியவர். அரசியல் காரணத்தால் 1931ல் வேலையை விட்டுத் தூக்கப்பட்டார். பதவி போனாலும் சர்வதேசப் பழக்கம் இருந்தது. 1933ல் சீனாவுக்குப் போய் 1936 வரை ஆலோசகராக வேலை பார்த்தார். 1948ல் முதல் உலக சுகாதார மாநாட்டின் தலைவரே அவர்தான். சீனாவில் அப்போது பீகிங் மருத்துவக் கல்லூரியில் இருந்தவர் ஜான் கிராண்ட், ராக்ஃபெல்லர் ஆள். அவருடைய மாணவர் சி. சி. சென் டிங்ஷியன் என்ற இடத்தில் கிராமவாசிகளுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதார ஊழியர்கள் ஆக்கிக்கொண்டிருந்தார். 1939ல் கிராண்ட் கல்கத்தா நிறுவனத்தின் இயக்குநராக இந்தியா வந்தார். பிறகு ஜோசப் போர் தலைமையிலான குழுவில் உறுப்பினர் ஆனார். நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். ஸாக்ரெப், பீகிங், கல்கத்தா என்று சுற்றிய யோசனைகள் 1946ல் போர் குழு அறிக்கையில் வந்து இறங்கின. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் நமக்கு வந்த வழி இது.

சறுக்கலும் அங்கேயேதான். நோய் தீர்ப்பதும் நோய் தடுப்பதும் ஒரே நிர்வாகத்தில் இணைய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு துறையையும் ஒன்றாக்கின. ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளி வரிசையில் நிற்பார், சாக்கடை வரிசையில் நிற்காது. பணமும் கவனமும் ஆஸ்பத்திரிப் பக்கம் போயின. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் சீனியாரிட்டியில் சுகாதாரத்துக்கும் தலைவராக வந்தார். பொது சுகாதாரம் படித்தவருக்கென்று இருந்த தனி நாற்காலி காணாமல் போனது. உலகத்தின் மிகச்சிறந்த நெட்வொர்க் ஒன்று உட்கார்ந்து எழுதிய அறிக்கை, தன் பிள்ளைகளின் வேலையைத் தானே கரைத்துவிட்டது.

தமிழ்நாடு இணைக்கவில்லை. தனி இயக்ககம், தனிப் பணித்தொகுதி, தனி நிதி என்று வைத்துக்கொண்டது. மோனிகா தாஸ் குப்தாவும் சகாக்களும் 2010ல் எழுதிய கட்டுரை இதைத்தான் மற்ற மாநிலங்களுக்குப் பாடமாகக் காட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர முகாம்களில் பெரிய கொள்ளைநோய் வெடிக்காமல் பார்த்துக்கொண்டதை அவர்கள் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

சம்பளத்தோடு ஒரு நட்பு வட்டம்

பழக்கத்தைத் திட்டம் போட்டு உருவாக்கியவர் ஒருவர் இருக்கிறார். 1951ல் கொரியப் போர் நேரம். கிருமி ஆயுதம் வந்துவிடுமோ என்று அமெரிக்காவில் பயம். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி அலெக்சாண்டர் லாங்மியர் அட்லாண்டாவில் இ.ஐ.எஸ். என்ற கொள்ளைநோய்த் துப்பறியும் பணியைத் தொடங்கினார். முதல் அணியில் 23 பேர். இரண்டு வருஷம், முழுச் சம்பளம். வகுப்பு சில வாரம்தான், மீதியெல்லாம் களம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடித் தங்கள் விசாரணைகளைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்களும் வருவார்கள், கேள்வியால் துளைப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு எந்த ஊர், என்ன வேலை என்பது அந்தக் கூட்டத்தை ஒட்டியே முடிவாகும்.

அந்த வட்டத்தில் இருந்து வந்தவர்கள்தான் டி. ஏ. ஹெண்டர்சன், வில்லியம் ஃபேகி. 1970களில் இந்தியாவில் பெரியம்மையைத் துரத்தியபோது ஃபேகி இங்கே இருந்தார். ஆனால் கதவைத் தட்டியவர்கள் யார்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய சுகாதார ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எம்.பி.எச். கிடையாது. 1975ல் பெரியம்மை போனது.

அந்தக் காலத்தில்தான் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் ஒரு நகரத்தில், வேலை எப்படிக் கிடைத்தது என்று ஆட்களைக் கேட்டுக்கொண்டு போனார். நெருங்கிய நண்பர்கள் வழியாக அல்ல, எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகத்தான் பலருக்கு வேலைத் தகவல் வந்தது என்று 1973லும் 1974லும் எழுதினார். இன்று 'நெட்வொர்க் பண்ணு' என்கிற எல்லா அறிவுரைக்கும் பின்னால் இவர் இருக்கிறார். ஆனால் அவர் பேசிய அறிமுகங்களில் நிறைய பழைய வேலையில் கிடைத்தவை. வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த அறிமுகம் கிடைக்கும். முதல் வேலையே கிடைக்காதவள் எங்கே போவாள்?

பட்டம் முந்திக்கொண்டது

இந்தியாவில் எம்.பி.எச். வந்த கதைக்கு வருவோம். 1997ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் எம்.பி.எச். தொடங்கியது. 2001ல் சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் களப் பயிற்சியோடு கூடிய முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அரசு வேலையில் இருந்த டாக்டர்கள். படித்துவிட்டுத் தங்கள் நாற்காலிக்கே திரும்பினார்கள். ரோஸின் பழைய முடிச்சுதான் அது.

2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம், 2006ல் பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா. பொது சுகாதாரத்துக்கு ஆள் தேவை என்ற பேச்சு எங்கும் கிளம்பியது. கல்லூரிகள் ஒவ்வொன்றாக எம்.பி.எச். தொடங்கின. பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், நுண்ணுயிரியல் படித்தவர் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். அதில் தவறில்லை. பொது சுகாதாரத்துக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் விளக்கத்தை 1920ல் எழுதிய வின்ஸ்லோ நுண்ணுயிரியல்காரர்தான், டாக்டர் அல்ல. ரோஸும் அல்ல. தவறு வேறு இடத்தில் நடந்தது. படிப்பு கிடுகிடுவென்று வளர்ந்தது, அதற்கான நிரந்தரப் பதவி வளரவில்லை. வந்ததெல்லாம் திட்ட ஒருங்கிணைப்பாளர், கன்சல்டன்ட், பதினோரு மாத ஒப்பந்தம். தமிழ்நாட்டின் பெருமைக்குரிய ஏணியிலும் எம்.பி.பி.எஸ். இல்லாதவருக்கு அந்த மேல் படிகள் இல்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலத்திலும் பொது சுகாதாரப் பணித்தொகுதி வேண்டும் என்றது. 2022ல் மத்திய அரசு அதற்கு வழிகாட்டியும் வெளியிட்டது. பதவியை உருவாக்க வேண்டியது மாநிலங்கள்.

இதையெல்லாம் ஒரு மாலையில் போனில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் சரியா நெட்வொர்க் பண்ணலைங்கறது என் தப்பு இல்லை. அப்படித்தானே மாமா?"

"உன் தப்பு இல்லைம்மா. போட வேண்டிய நாற்காலியைப் போடாம, எல்லாரும் ஓடிப் பிடிங்கன்னா, விழறவங்க விழத்தான் செய்வாங்க."

"சரி. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்கு வரலாறு நேரடியாகப் பதில் சொல்லாது. ஆனாலும் படித்ததில் இருந்து ஒன்றைச் சொன்னேன். ஸ்டாம்பர், கிராண்ட், லாங்மியரின் ஆட்கள், இவர்கள் யாரும் முன்பின் தெரியாதவருக்கு 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதி வட்டம் சேர்க்கவில்லை. சேர்ந்து வேலை பார்த்தார்கள், அந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். உனக்கும் அப்படிப் பதினோரு மாதம் இருக்கிறதே என்றேன். டெங்கு ஆய்வில் கூட வந்த சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், தொட்டி தொட்டியாகக் கொசுப்புழு தேடிய டி.பி.சி. பணியாளர்கள், உன் ஆய்வறிக்கையைத் திருத்திய பேராசிரியர். இவர்களில் யாருக்காவது நீ கண்டுபிடித்ததைத் திரும்பச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். அறிக்கை திட்ட அலுவலகத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

அந்த அறிக்கையை நான்கு பக்கத் தமிழில் சுருக்கினாள். எந்தத் தெருவில், எந்த வகைத் தொட்டியில் புழு அதிகம் என்று ஒரு அட்டவணை. அதை எடுத்துக்கொண்டு அந்த ஆய்வாளரை நேரில் போய்ப் பார்த்தாள். அவர் அரை மணி நேரம் படித்துவிட்டு, "இதை அப்பவே கொடுத்திருக்கலாமேம்மா" என்றாராம். பிறகு அவரே வட்டாரக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பேச வைத்தார். அங்கே வந்திருந்த இன்னொருவர் மூலம் வேறொரு கண்காணிப்புத் திட்டத்தில் தரவு வேலைக்கு ஆள் எடுப்பது தெரிந்தது. போன மாதம் சேர்ந்துவிட்டாள்.

அக்கா போன் பண்ணி, "உன் மருமகளுக்கு வேலை கிடைச்சிருச்சுடா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். எத்தனை மாதத்துக்கு என்று கேட்கவில்லை. அவளேதான் ராத்திரி செய்தி அனுப்பியிருந்தாள்: "இதுவும் பதினோரு மாசம்தான் மாமா. அடுத்த பொங்கலுக்கு வாங்க, மிச்சத்தைப் பேசுவோம்."